தவளைகளுக்குப் பந்தி விசாரித்தவர்

ஒழுங்கு செய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. மெல்பேர்னில் நம்மவர் குடும்பங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த 1976ஆம் ஆண்டிலும் அந்த இனத்துக்குப் பஞ்சமில்லை. அழைக்காமல் குசினிக்குள் நுழைந்து, உப்புப் போத்தலை இடம் மாற்றி, சுவரில் நேராகத் தொங்கும் படத்தை நிமிர்த்தி, விருந்தென்றால் பரிமாறுகிறவரின் கரண்டியைப் பிடுங்கி, கூடிய தட்டிலிருந்து அள்ளிக் குறைந்த தட்டில் போட்டுவிட்டு, நன்றிக்காகத் திரும்பிப் பார்ப்பார். நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும். வேறு வழி?

எங்களுக்கு வாய்த்தவர் மகேந்திரராஜா. பொறியியலாளர்.

என் தங்கை கமலினி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தவளை முட்டைகளை என்ன செய்கிறது என்பது விஷயம். எங்கள் வீட்டின் பின்வளவில் ஆறு தட்டுகள்; மூன்று வெறும் வெயிலில், மூன்று அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியின் கீழ். தட்டுக்கு நூறு முட்டை. காலையும் மாலையும் உயிரோடிருப்பவற்றை எண்ணிக் கொப்பியில் எழுதியது நான். பதினோராம் நாள் கண்ணாடியின் கீழ் எண்பத்தெட்டு, எண்பத்தொன்று, எண்பத்தாறு. வெயிலில் முப்பத்தொன்று, இருபத்தேழு, முப்பத்துநான்கு. அந்த வித்தியாசம்தான் அவளுடைய பட்டம்.

அன்று சனிக்கிழமை. நாங்கள் கடையிலிருந்து திரும்பியபோது மகேந்திரராஜா பின்வளவில் நின்றார். கையில் எங்கள் குசினிக் கரண்டி.

"என்ன பிள்ளை இது? ஒரு தட்டிலை நெருக்கம், மற்றதிலை ஆளே இல்லை. எல்லாத்தையும் சமனாப் பிரிச்சு விட்டிருக்கிறன்."

"எல்லாத்தையுமோ, அண்ணை?" என்றாள் கமலினி.

"ஓம். இப்ப ஆறிலையும் அறுபது மட்டிலை இருக்கும். செத்ததுகளையும் எறிஞ்சுபோட்டன். சரியான மணம்."

கமலினி அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். நான் பேசினேன், அதை அச்சில் போட முடியாது.

"நல்லது செய்யப் போனா இப்பிடித்தான்" என்று கோபித்துக்கொண்டு கிளம்பியவர், வாசல் படலை சரியாகச் சாத்துகிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கோபத்திலும் கடமை! நாங்கள் முட்டை எடுத்த குளத்தில் அந்தப் பருவத்து முட்டைகள் முடிந்துவிட்டன. தங்கைக்கு முழுதாக ஒரு வருடம் போயிற்று.

தவளை முட்டை எண்ண என்னுடைய எட்டாம் வகுப்புப் போதும். எண்ணி வைத்ததைத் தொடாமலிருக்க அதுகூடத் தேவையில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால், 'தொடாதே என்று ஓர் அட்டை எழுதி வைத்திருக்கலாமே' என்று சற்றுமுன் உங்கள் மனம் எங்கள் பின்வளவை ஒழுங்கு செய்யவில்லையா? செய்திருந்தால், எங்கள் வீட்டுக்கு வரும்போது கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள்.