என் இரண்டாவது இசைத்தட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம், வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நான் உயிரைத் தேடிப் புறப்பட்டேன். என் உயிரை அல்ல. அது இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. நான் தேடியது பாட்டுக்கு வேண்டிய உயிரை.

என் பெயர் ஆண்டியப்பன். நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். அதாவது தேயிலைச் செடிகளுக்கு முடி வெட்டுகிறவன். அது வயிற்றுப்பாடு. மற்ற நேரமெல்லாம் பாட்டு.

அதற்கு முந்திய வருஷம் என் முதல் இசைத்தட்டு வந்தது. ஹட்டன் கடைவீதியில் கிராமபோன் கடை வைத்திருக்கும் கஸ்பர் முதலாளி என்னைக் கொழும்புக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்தார். தட்டின் ஒரு பக்கம் நிலா வந்ததைப் பற்றிய பாட்டு. மறுபக்கம் நிலா போனதைப் பற்றியது. எழுதியது, மெட்டுக் கட்டியது, பாடியது எல்லாம் நானே. நடுவில் சிவப்பு எழுத்தில் 'இசைக்கடல் ஆண்டியப்பா' என்று அச்சடித்திருந்தார்கள். கடல் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பகல் ரயில் பயணம். இருந்தாலும் அச்சடித்திருந்தார்கள்.

வட்டவளையில் இருக்கும் மைத்துனனுக்கு ஒரு தட்டு அன்பளிப்பாகக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அது அவன் வீட்டுத் தண்ணீர்ப் பானையை மூடிக்கொண்டிருந்தது. நடுவில் ஓட்டை இருப்பது ஒன்றுதான் குறை என்றான்.

என் மனைவி அம்மாக்கண்ணு கஸ்பர் கடையில் அதைக் கேட்டாள். இரண்டு பக்கமும் முடியும்வரை அசையாமல் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் நானே கேட்டேன்.

"எப்படி இருந்துச்சு புள்ள?"

"நல்லாத்தாங்க இருந்துச்சு."

"அப்பறம் என்ன இழுக்கிற?"

"இல்ல, நெலா வந்துச்சு, நெலா போச்சு. சரி. அதனால யாருக்கு என்ன ஆச்சுன்னு வெளங்கலையே?"

"உனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியும். பாட்டு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப போயி ரொட்டியத் தட்டு."

போய்த் தட்டினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகத் தட்டினாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது கஸ்பர் முதலாளியின் கடிதம். ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். "அன்புள்ள ஆண்டியப்பா, உனக்கு நல்ல குரல் இருக்கிறது" என்பதுவரை உரக்க வாசித்தேன். மீதியை மனதுக்குள் வாசித்தேன். மீதி இது: "உன் பாட்டில் உயிர் இல்லை. கேட்டால் மனம் ஆடவேண்டும். அப்படி ஒரு பாட்டு ஆவணிக்குள் கொண்டு வந்தால் இரண்டாவது தட்டுப் போடலாம். இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன்."

கடிதத்தை மடித்துத் தேயிலைத் தூள் டின்னுக்கு அடியில் வைத்தேன். அம்மாக்கண்ணுவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே அது பத்திரமான இடம் என்று நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மாலை ஐந்து மணிவரை மலைதான். அதற்குப் பிறகு அவர்கள் வந்து, மலையூற்று கொட்டும் பீலியில் தண்ணீர் பிடித்து, விறகு உடைத்து, அடுப்பு மூட்டுவார்கள். நாங்கள் பன்னிரண்டு மணியிலிருந்தே பசியோடு காத்திருப்போம். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததாக எந்த ஆணும் சொன்னதில்லை.

அன்றைக்கு வேலை முடிந்ததும் உயிரைத் தேடி ஏழாம் நம்பர் மலைப்பக்கம் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் செடி வரிசைக்கு ஒருத்தியாக நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பாடினார்கள்.

*மழையில நனஞ்ச கூடை*
*மலையேறக் கனக்குதடி*
*எறக்கி வச்சு நாளாச்சு*
*என் தல இன்னும் கனக்குதடி*

நான் அப்படியே நின்றுவிட்டேன். காலில் அட்டை ஏறியது தெரியவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. ஒரு நிழல்மரத்துக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தேன். பாடியது அம்மாக்கண்ணு.

பன்னிரண்டு வருஷம் ஒரே காம்பரா அறையில் அவளோடு குடித்தனம் செய்கிறேன். என் மனைவி பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் பாடிக்கொண்டிருந்ததால் கேட்டிருக்காது.

"அடுத்த அடி என்ன அக்கா?" என்றாள் பக்கத்து நிரையில் நின்ற செபமாலை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி.

"எங்க வருது? வீட்டுக்குப் போயி தண்ணி தூக்கணுமேன்னு நெனச்சாலே பாட்டு உள்ளுக்குப் போயிருது."

அவ்வளவுதான். பாட்டு நின்றது. மரத்துக்குப் பின்னால் என் மூளை வேலை செய்தது. அவளிடம் நேராகப் போய்ப் பாட்டைக் கேட்க முடியாது. உனக்குப் பாட்டுத் தெரியுமா என்று கேட்ட வாய் இது. ஆனால் தண்ணீர் தூக்க வேண்டியதில்லை என்றால் பாட்டு தானாக வெளியே வரும். வந்ததை நான் எழுதிக்கொள்ளலாம். அவளுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை. இவ்வளவு பெரிய தந்திரம் எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை அவள் வந்தபோது இரண்டு குடமும் நிறைந்திருந்தன.

"என்னங்க இது?"

"தண்ணி."

"அது தெரியுது. யாரு தூக்குனா?"

"நான்தான். இடுப்பு பிடிச்சிருக்கு. பாரம் தூக்கினா நல்லதுன்னு மருந்துக்காரய்யா சொன்னாரு."

"இடுப்புப் பிடிச்சவங்களுக்குப் பாரம் தூக்கச் சொன்னாரா?"

"புது வைத்தியம்."

அவள் அந்தத் தண்ணீரில் முகம் கழுவினாள். மறுநாள் மரத்துக்குப் பின்னால் நின்றேன். என் தந்திரம் பலித்தது.

*பீலித் தண்ணி சில்லுன்னு*
*பிள்ள போலச் சிரிக்குதடி*
*ஏந்தி நானும் குடிக்கும் முன்னே*
*பெரட்டுத் தப்பு அடிக்குதடி*

விடியற்காலையில் எங்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் அந்தத் தப்புச் சத்தத்தை இருபது வருஷமாகக் கேட்கிறேன். அதை ஒரு பாட்டில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உடனே எழுதிக்கொண்டேன்.

"அப்பறம் அக்கா?"

"அப்பறம் வெறகு ஒடைக்கணுமே செபமாலை."

விறகு உடைத்தேன். மூன்றாம் அடி வந்தது. பிறகு மாவு பிசைய வேண்டியிருந்தது. பிசைந்தேன். நான் தட்டிய முதல் ரொட்டியைக் கவ்வாத்துக் கத்தியால்தான் வெட்ட முடிந்தது. அம்மாக்கண்ணு முழுவதையும் மென்று தின்றாள். மறுநாள் மலையில், "பல்லு வலிக்குது, பாட்டு வரல" என்றாள். ரொட்டி மெதுவாக வரும்வரை எட்டு நாள் பாட்டில்லை. ஒன்பதாம் நாள் வந்தது.

லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. செபமாலையின் புருஷன் இராயப்பன் பீலிக்கரையில் என்னை மறித்தான்.

"அண்ணே, நீங்க செய்யிறது நல்லா இல்ல."

"நான் என்ன செஞ்சேன்?"

"குடம் தூக்குறீங்க. எங்க வீட்டுல கேக்குறா, 'ஆண்டியப்பண்ணனுக்குக் கையிருக்கு, உங்களுக்கு என்ன இருக்கு'ன்னு."

"அதுல ஒரு ரகசியம் இருக்கு இராயப்பா. நான் தூக்குறதா வெளிய தெரியும். உண்மையில அவளத்தான் நான் வேலை வாங்குறேன்."

இராயப்பன் என் தலையில் இருந்த குடத்தைப் பார்த்தான். இடுப்பில் இருந்த குடத்தையும் பார்த்தான். வழிவிட்டான்.

ஆடியில் கடைசி அடி மட்டும் பாக்கி. அது வர மறுத்தது. துணி துவைக்கிற நினைப்பு அவளைத் தடுக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை கம்பளி உட்பட எல்லாவற்றையும் ஆற்றுக்குத் தூக்கிப் போனேன். நனைந்த கம்பளியின் பாரத்தை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அன்றைக்குக் காலையிலேயே அம்மாக்கண்ணு செபமாலையோடு ஹட்டனுக்குப் புறப்பட்டாள். மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தப் போகிறாளாம்.

"நம்ம சாமிக்கு என்ன கொறச்சல்?" என்றேன்.

"நம்ம சாமிக்கு நான் வேண்டுனா கேக்கும்ங்க. ஆனா வீட்டு வேலை இருந்ததால இத்தன நாளு வேண்ட நேரமில்ல. இப்பத்தான் நேரம் கெடைக்குது. எல்லாரையும் பாத்துட்டு வாறேன்."

திங்கட்கிழமை கடைசி அடி வந்தது.

*பறிச்ச கொழுந்து ஊரெல்லாம்*
*பாலோட சேந்து மணக்குதடி*
*பறிச்ச கையில் என்ன மிச்சம்*
*கறுத்த கறைதான் இருக்குதடி*

அடுத்த ஞாயிறு வரை நான் தூங்கவில்லை. பாட்டை நல்ல தாளில் எழுதினேன். மேலே 'இயற்றியவர் ஆண்டியப்பா' என்று போட்டேன். போடும்போது கை ஒரு முறை தயங்கியது. இயற்றியது யாராயிருந்தாலும், தண்ணீர் தூக்கியது நான்தானே என்று அதற்குச் சமாதானம் சொன்னேன்.

ஹட்டனுக்கு முதல் பஸ்ஸில் போய் கஸ்பர் முதலாளி கடையில் நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டாவது அடியில கொஞ்சம் பிசகுதப்பா. 'அடிக்குதடி'ய இன்னும் இழுக்கணும். அவங்க அங்கதான் மூச்ச விட்டு விட்டு எடுத்தாங்க."

"எவங்க?"

"உன் சம்சாரம்தான். போன ஞாயித்துக்கெழமை வந்தாங்களே. நான் உனக்கு எழுதுன கடுதாசியக் கையில வச்சிருந்தாங்க. கூட வந்த செபமாலை வாசிச்சுக் காட்டுனாங்களாம். 'உயிரு வேணும்னு எழுதியிருக்கீங்களே முதலாளி, இது போதுமா பாருங்க'ன்னு சொல்லிட்டுப் பாடுனாங்க. கொழும்புக் கம்பெனி ஆளும் இங்கதான் இருந்தாரு. அழுதுட்டாரப்பா."

நான் தாளை மடித்தேன். பிறகு இன்னும் சிறிதாக மடித்தேன்.

"ஆவணி பொறந்ததும் பதிவு. ஒரு பக்கம் இது. மறுபக்கம் இன்னொண்ணு வச்சிருக்காங்களாம். தட்டுல பேரு அம்மாக்கண்ணு."

"முதலாளி... எம் பேரு எங்கயாவது...?"

"நீ என்ன செஞ்ச?"

"தண்ணி தூக்கினேன். ரொட்டி தட்டினேன்."

"தட்டுல பாடினது யாரு, எழுதினது யாருன்னுதான் போடுவாங்க. ரொட்டி தட்டுனது யாருன்னு போடுற வழக்கம் இல்லையேப்பா."

போகத் திரும்பினேன். அவர் விடவில்லை.

"பதிவுக்கு அஞ்சு நாள் கொழும்புல தங்கணும். வீட்டு வேலைக்கு என்ன செய்வீங்கன்னு நானே கேட்டேன். சிரிச்சாங்க. 'அந்தக் கவலை இல்ல முதலாளி, மூணு மாசமா அவரப் பழக்கிட்டுத்தான் வந்திருக்கேன்'னாங்க."

பஸ்ஸில் வரும்போது பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்தேன். முதலில் கடிதம். அடுத்து துரோகம். கடைசியாக, நான் இசைக்கடல் என்பது. நல்ல பேச்சு. எங்கும் தங்குதடை இல்லாமல் வந்தது. லயத்து வாசலில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. தட்டின் மறுபக்கத்துக்கான பாட்டு. பதினாறு வயதில் கல்யாணமாகி அந்த வாசலில் வந்து நின்ற ஒருத்தி, உள்ளே வா என்று யாரும் சொல்லாமல் நின்றுகொண்டே இருப்பதைப் பற்றி இரண்டு அடி. எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. அவளை நிறுத்திவிட்டு நான் உள்ளே போய்ப் பாடிக்கொண்டிருந்தேன். வரிசையாக வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் இல்லை.

பாட்டு நின்றது.

"அப்பறம்?" என்றேன். "அவ உள்ள போனாளா?"

அம்மாக்கண்ணு திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. சிரிப்புகூட இல்லை.

"கோழிக்கூடு கழுவாமக் கெடக்குதுங்க" என்றாள்.

கழுவப் போனேன்.