மிச்சம் வைத்த காது

ஒரு காட்டில், சிங்கராஜா சாப்பிட்டு மிச்சம் வைத்த காது ஒன்று ஐஸ் பெட்டியில் இருந்தது. ராஜாவுக்குக் காது மட்டும் பிடிக்காது. அது அந்தக் காட்டின் கடைசி வெளிமானான செவந்தியின் காது. எடுத்து வைத்தவர் அவளுடைய தோழி, கருவியல் ஆய்வாளர் டாக்டர் கீரியம்மாள்.

கீரியம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. ஓர் ஆட்டின் தோலைச் சுரண்டி, அதே ஆட்டை இன்னொரு முறை பிறக்க வைத்தவர். பிறந்த ஆட்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆடு அதைத் தின்றது. கீரியம்மாள் மேடைக்குக் கீழே நின்று கைதட்டினார்.

அவர் ராஜாவிடம் போனார். “இந்தக் காதுலேர்ந்து செவந்தியைத் திரும்பக் கொண்டுவரலாம் ராஜா. அனுமதி குடுங்க.”

அமைச்சர் நரி குறுக்கிட்டது. “அதனால என்னம்மா பிரயோஜனம்?”

“அவ இல்லாம எனக்குக் கஷ்டமா இருக்குங்க.”

“அது பிரயோஜனத்துல சேராதே.”

ராஜா யோசித்தார். “முதல்ல என்னை மாதிரியே ஒண்ணு செஞ்சு குடு. மானை அப்புறம் பார்ப்போம்.”

செய்தி கேட்ட ராணி, “ஒண்ணு போதாதா?” என்றார். ஆனாலும் சுமந்து பெற்றார்.

குட்டி அச்சு அசலாக ராஜாவைப் போலவே வளர்ந்தது. ராஜா இளம் வயதில் தன் அப்பாவைக் கடித்துத் துரத்திவிட்டுப் பதவிக்கு வந்தவர். குட்டியும் அதே வயதில் அதையே செய்தது.

ஓடுகிற வழியில் பழைய ராஜா ஆய்வுக்கூடத்தில் எட்டிப் பார்த்தார். “உன் ஆராய்ச்சி தோத்துப்போச்சு!”

“இல்லீங்க ராஜா,” என்றார் கீரியம்மாள் பணிவாக. “ஜெயிச்சிருக்கு.”

பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதிய ராஜாவிடம் போய், பழைய வாக்கை நினைவுபடுத்தினார். நரி வழக்கம்போல், “பிரயோஜனம்?” என்று ஆரம்பித்தது. ராஜா மாறினாலும் அமைச்சர் மாறுவதில்லை.

புதிய ராஜா பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். மான் வாசனைக்கு நாக்கு தானாக வெளியே வந்தது.

“நரியாரே, சும்மா இரும். இந்த அம்மா கேட்டதை எல்லாம் குடும். ஒண்ணு எதுக்கு? நூறு செய்யட்டும்!”

சந்தோஷத்தில் கீரியம்மாள் அந்த நாக்கைக் கவனிக்கவில்லை. புதுக் கட்டடம் வந்தது, விருது வந்தது. கடைசியில் செவந்தியும் பிறந்து, துள்ளி விளையாடும் அளவுக்கு வளர்ந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு கீரியம்மாள் அழுதார்.

வாசலில் ராஜா தலைவாழை இலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அழாதேம்மா,” என்றார் பெருந்தன்மையாக. “காதை நீயே வச்சுக்க. எனக்கு அது பிடிக்காது.”

நீதி: அழிந்துபோன உயிரினத்தை மீட்க விரும்புவோர், அது ருசியாக இருக்கும் என்பதையும் மேலிடத்தில் தெரிவிக்கவும். அனுமதி உடனே கிடைக்கும்.