பொன்னுத்தாயி அக்கா நடத்திய அறிவியல் வகுப்பு

ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு வேலைக்கு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பயம்தான். பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லாமே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் அப்படி ஒருத்தியாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தேன். வயது இருபத்தொன்று. கையில் புதுக்குடை, பையில் பாடக்குறிப்பேடு, தலையில் கனம். (குடையும் குறிப்பேடும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தன. மூன்றாவது ஒரே காலையில் போன கதைதான் இது.)

அது நிதியுதவி பெறும் பள்ளி. நிர்வாகி வேலைக்கு எடுத்தாலும், டிபுடி இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து ஒப்புதல் எழுதினால்தான் வேலை நிலைக்கும். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்த என் அப்பா இதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார்.

“இன்ஸ்பெக்டர் சரின்னு எழுதிட்டாகன்னா நீ டீச்சர். நான் குறுக்க நிக்க மாட்டேன். எழுதலேன்னா, மதுரை மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு நான் எழுதிருவேன்” என்றார். வியாபாரி அல்லவா, பேச்சு கறாராக இருக்கும்.

மதுரை மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்திருந்தேன். மீசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது மீசையைவிடக் காந்தத்தின் மேல்தான் ஆசை.

பள்ளியில் காந்தம் ஒன்றே ஒன்று இருந்தது. பிள்ளைகள் முப்பத்தெட்டு. அதைக் கையில் கொடுத்த ஐந்தாவது நிமிஷம், அது யாருடைய டவுசர் பையில் இருக்கிறது என்று தேடுவதே அன்றைய பாடமாகிவிடும். தண்ணீர் வைத்துச் சோதனை என்றாலோ குளியல்தான். முதல் மாதம் முழுக்க “ஏலே உக்காரு, ஏலே உக்காரு” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. தொண்டை கட்டிய ஒரு நாளில்தான் அந்த மகத்தான யோசனை உதித்தது. இனி வாயையே திறக்கப் போவதில்லை! தகரம் பேசும், பிள்ளைகள் கேட்பார்கள்.

அப்பா கடையிலிருந்து காலி பிஸ்கட் தகரம் ஒன்றையும் ஒரு குச்சியையும் கொண்டுவந்தேன். ஒரு தட்டு என்றால் வாயில் விரல். இரண்டு என்றால் அவரவர் டம்ளரில் தண்ணீர் மொண்டு, மேலே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மூடி நிற்க வேண்டும். மூன்றுக்கு டம்ளரைக் கவிழ்த்து, அட்டையிலிருந்து கையை எடுக்க வேண்டும். (தண்ணீர் கொட்டாது. காற்று தாங்கும். அதுதான் பாடம்.) நாலு என்றால் வரிசையாகப் போய், வகுப்பின் அரைச்சுவருக்கு வெளியே நிற்கும் முருங்கைக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும்.

தலைமை ஆசிரியர் உள்ளூர்க்காரர். என் தகரத்தைப் பார்த்துவிட்டு இழுத்தார்.

“டீச்சர், இந்த ஊர்லயா தகரம் தட்டப் போறீக? இப்பத்தான் தோட்டத்துல கொடிக்கெல்லாம் கவாத்து முடிஞ்சிருக்கு, அதுனால தெரியல. ஆனா பின்னாடி…”

நான் அவரை முடிக்க விட்டால்தானே! செய்கை வழிக் கட்டுப்பாடு பற்றிப் பயிற்சிப் பள்ளியில் படித்ததையெல்லாம் அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா” என்று போய்விட்டார். நமக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. அத்தோடு நின்றிருக்கலாம். நான் ஒரு படி மேலே போனேன். பிள்ளைகளைச் சோதிப்பதற்காக நடுநடுவே வாயால் “எல்லாரும் எந்திரிங்க” என்பேன். எழுந்தவன் தோற்றான். “தகரம் சொன்னாத்தான் செய்யணும். எட்மாஸ்டர், பெரியவுக யார் சொன்னாலும் கேக்கக் கூடாது, நானே வந்து கெஞ்சினாலும் கேக்கக் கூடாது” என்று பாடமாகவே நடத்தினேன். வகுப்புத் தலைவி பேச்சியம்மாள் இதை நோட்டில் எழுதியே வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. சனி, ஞாயிறு போடியில் இருந்துவிட்டு, திங்கள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். நான் இல்லாத அந்த இரண்டு நாளில் பள்ளிக்கு அடுத்திருந்த தோட்டத்தில் பன்னீர் திராட்சை கறுத்திருந்தது. ஏலக்காய் ஊர்க்காரிக்கு அதில் என்ன தெரியும்? நல்ல வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். காற்றாட இருக்கட்டும் என்று அரைச்சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். (ஆமாம், நான்தான் போட்டேன்.)

ஒரு தட்டுத் தட்டினேன். முப்பத்தெட்டு விரல்கள் முப்பத்தெட்டு வாய்களுக்குப் போயின. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு தட்டினேன். சத்தமில்லாமல் தண்ணீர் மொண்டு, அட்டை மூடி நின்றார்கள். அவர் தலை மெல்ல ஆடியது. என் மனசுக்குள் மதுரை மாப்பிள்ளையின் மீசை மங்கிக்கொண்டே போனது.

அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டங், டங், டங்.

முப்பத்தெட்டு டம்ளரும் கவிழ்ந்தன. பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே நின்றது. “பலே!” என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குத் தெரியாது, அந்த மூன்று தட்டு என்னுடையது இல்லை. திராட்சைத் தோட்டத்தில் பறவை விரட்டும் பொன்னுத்தாயி அக்கா மண்ணெண்ணெய்த் தகரத்தில் தட்டியது. மைனாவும் கிளியும் படையெடுக்கும் பருவம் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருந்தது.

மறுபடியும் டங், டங், டங்.

எனக்குப் பதறிவிட்டது. பிள்ளைகளை அமைதிப்படுத்த அவசரமாக என் தகரத்தில் ஒன்று தட்டினேன். அங்கே மூன்று, இங்கே ஒன்று. என் வகுப்பு கணக்கிலும் கெட்டி.

பேச்சியம்மாள் தலைமையில் வரிசை அரைச்சுவரை நோக்கிக் கிளம்பியது.

“உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!” என்று கத்தினேன்.

ஒருவரும் உட்காரவில்லை. டீச்சர் சோதிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? சிலர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டக்கூடச் செய்தார்கள்.

“ஏய் பேச்சி, உன்னியக் கும்புடுறேன், நில்லு!”

கெஞ்சினாலும் கேட்கக் கூடாது என்பது நோட்டில் இருந்தது. வழக்கமான இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். அங்கே இன்ஸ்பெக்டர் இருந்தார். தகரம் தட்டினால் பேசவும் கூடாதே, அதனால் தள்ளிக்கொள்ளச் சொல்லி விரலால் சைகை காட்டினாள். அவர் புரியாமல் சிரித்தார். (அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.) அவள் டம்ளரைச் சரித்தாள். பாதி முருங்கைக்குப் போனது, பாதி அவர் தோளுக்கு.

அடுத்து இருளப்பன், அடுத்து ராசாத்தி. அதற்குள் பொன்னுத்தாயி அக்கா ஏழு தட்டுத் தட்டிவிட்டார். ஏழுக்கு நான் விதி சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் அதை நாலும் மூன்றுமாகப் பிரித்து, ஊற்றி முடித்து, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்கள். மற்றவர்கள் ஐந்தும் இரண்டும் என்று பிரித்து மறுபடி தண்ணீர் மொள்ள ஓடினார்கள். நடுவில் மோதிக்கொண்டார்கள். நாற்காலி சரிந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, “அம்மா, இதை நிறுத்துங்கள்!” என்று அலறினார். பெரியவர்கள் சொன்னாலும் கேட்கக் கூடாது என்பதும் நோட்டில் இருந்தது.

நான் ஓடிப்போய் அரைச்சுவரில் ஏறி நின்று கத்தினேன்.

“அக்கா! பொன்னுத்தாயி அக்கா! ஒரே ஒரு தட்டுத் தட்டுங்க!”

“ஒரு தட்டுக்கு எந்தக் கிளி பயப்படும் டீச்சர்?”

“கிளிக்கு இல்லக்கா, பிள்ளைகளுக்கு!”

“அங்கனயும் நாந்தான் பாக்கணுமா? நல்ல கூத்துத்தான் ஆத்தா!” என்று சொல்லிவிட்டு ஓங்கி ஒன்று போட்டார்.

டங்.

வகுப்பு கல்லானது. ஓடியவர்கள் ஓடிய இடத்தில் நின்றார்கள். வாயில் விரல். முருங்கை இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. வாசலில் வந்து நின்ற தலைமை ஆசிரியரின் விரலும் வாயில்தான் இருந்தது. (சிரிப்பை அடக்க என்று பின்னால் சொன்னார்.) நான் அரைச்சுவர் மேலேயே நின்றேன். இறங்க மனசு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வேட்டி நுனியைப் பிழிந்தார். பார்வைப் பதிவேட்டை வாங்கி, நனையாத ஒரு பக்கம் தேடி எழுதினார்.

“இவ்வகுப்பின் ஒழுங்கு மெச்சத்தக்கது. எனினும் அது அடுத்த தோட்டத்திலிருந்து நடத்தப்படுகிறது. ஆசிரியை ஆர்வமுள்ளவர். தகரத்தைக் கைவிட்டு, பிள்ளைகளிடம் வாயால் பேசுவார் என்ற நம்பிக்கையில் ஒப்புதல் அளிக்கலாம்.”

கடைசி வரியை மூன்று தடவை படித்துவிட்டு அழுதேன். பேச்சியம்மாள் பக்கத்தில் வந்து, “டீச்சர், நீங்க சோதிச்சதுல நாங்க பாஸா?” என்றாள்.

“பாஸ்தான் தாயி. நானும்தான்.”

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. மதுரைக்கு மறுப்பு எழுதினார். ஆனால் காரணம் சொல்ல வேண்டுமே என்று நடந்ததை ஒன்று விடாமல் நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டார். மதுரையிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. டீச்சர் வேலையோடேயே சம்மதம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கிறோம் என்று. அப்படியாக இரண்டு வருஷம் கழித்து அந்த மீசை வீட்டுக்கு வந்தது.

போன தையில் பேச்சியம்மாளின் மகளுக்குக் காமயகவுண்டன்பட்டியில் கல்யாணம். பந்தியில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். பழைய பிள்ளைகள் பலர் எதிர் வரிசையில் இருந்தார்கள். ஒருவர் பேங்க் மேனேஜர், ஒருவர் லாரி முதலாளி, எல்லாருக்கும் நரை. பரிமாறுகிறவர் கை தவறி ஒரு பாத்திர மூடி கீழே விழுந்தது.

டங்.

எதிர் வரிசையில் ஆறு பேர் விரலை வாய்க்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு நின்றவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த மீசை காதோரம் வந்து கேட்டது:

“இன்னும் மூணு தட்டிரட்டுமா? எல்லார் முன்னாடியும் தண்ணி இருக்கு.”