குளிர்ச்சோலை பாரில் நெருப்புக்கோழி

வன்னிப் பெருநிலப்பரப்பில் அடக்குமுறைக்கு எதிரான எழுச்சி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிவடையும். பௌர்ணமிப் போயா தினத்தில் பார் பூட்டு. ஆகவே அன்று எழுச்சிக்கும் விடுமுறை.

இந்த எழுச்சியைத் தலைமையேற்று நடத்தியவர் தயாபரன். வயது நாற்பத்தொன்று. வார நாட்களில் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு இலக்கமிடுவது அவருடைய உத்தியோகம். சனிக்கிழமை மாலையானால் கறுப்பு ரீசேட் அணிந்து, இடுப்பில் சைக்கிள் பூட்டும் சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டு, கிற்றாரோடு ஏ-ஒன்பது வீதிக்கு வந்துவிடுவார். அங்கே தில்லைநாதன் முதலாளியின் 'குளிர்ச்சோலை ரெஸ்ரோரண்ட் அன்ட் பார்' இருந்தது. அதன் மூலையில், பியர்ப் பெட்டிகளுக்கு மேல் பலகை பரப்பிய மேடை ஒன்றும் இருந்தது.

இசைக்குழுவில் மூன்று பேர். பாட்டும் கிற்றாரும் தயாபரன். பேஸ் கிற்றார் சிவகரன், ரியூட்டரியில் கணிதம் படிப்பிப்பவர். ட்ரம்ஸ் அடிப்பவன் சுமன், ஸ்கந்தபுரத்திலிருந்து வரும் மேசன். மூவரிலும் தாளம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் அவனைப் பின்னால் இருத்தியிருந்தார்கள்.

பாட்டெல்லாம் ஆங்கிலம். ஐம்பது வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர் பாடியவை. ஒரு பாட்டில் சங்கிலி உடையும். ஒரு பாட்டில் கோட்டை சரியும். மிச்சத்தில் யாரோ ஒருத்தி கதவைச் சாத்திவிட்டுப் போவாள்.

"நாங்களா ஒரு பாட்டுப் போட்டா என்ன அண்ணை?" என்று சுமன் ஒருநாள் கேட்டான். "எங்கட ஊர்க் கதையள வச்சு."

"புரட்சியில கலப்படம் கூடாது தம்பி," என்றார் தயாபரன்.

குழுவுக்குப் பெயர் சூட்டும் கூட்டம் சிவகரனின் ரியூட்டரியில், முறைப்படி அறிவித்தல் கொடுத்து நடைபெற்றது. நெருப்பின் வேகமும் பறவையின் சுதந்திரமும் ஒருங்கே அமைந்திருப்பதால் 'நெருப்புக்கோழி' என்ற பெயரைத் தயாபரன் முன்மொழிந்தார். அந்தப் பறவை பறக்காது என்று சிவகரன் தெரிவித்த கருத்து கூட்டக் குறிப்பில் பதியப்படவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தில்லைநாதன் வீதியோரத்தில் பனர் கட்டினார்: 'சனி மாலை விசேடம் – நெருப்புக்கோழி.'

முதற் சனிக்கிழமையே மேசைகள் நிரம்பின. விசுவமடுவிலிருந்து மூன்று பேர் உழவு இயந்திரத்திலேயே வந்து இறங்கினார்கள். முதற்பாட்டில் சங்கிலி உடைந்து முடியும் மட்டும் பொறுமையாக இருந்தார்கள். பிறகு ஒருவர் முதலாளியைக் கூப்பிட்டார்.

"அந்த நெருப்புக்கோழியில ஒரு பிளேட் கொண்டுவாங்கோ. எலும்பில்லாமல்."

"அது பாட்டுக்காரற்ற பேர் அண்ணை."

"பாட்டு இருக்கட்டும். கோழி எங்கை?"

அன்று மாலை பதினேழு பேர் அதையே கேட்டார்கள். மேடையில் நின்ற தயாபரனுக்கு மேசைக்கு மேசை தன் குழுவின் பெயர் ஒலிப்பது மட்டும் கேட்டது. நெஞ்சு விம்மியது. கடைசிப் பாட்டை இரண்டு தரம் பாடினார்.

தில்லைநாதன் மக்களின் குரலுக்கு மதிப்பளிப்பவர். அடுத்த வாரமே அப்படியொரு கோழியை உண்டாக்குவதென்று முடிவெடுத்துக் குசினியிலிருந்து வீரம்மாவைக் கூப்பிட்டார். வீரம்மா அங்கே நான்கு வருடமாகச் சமைப்பவர். சுமனின் அம்மா. குழு அப்போது மேடையில் வயர் பூட்டிக்கொண்டிருந்தது.

"கோழி எரிஞ்சு எரிஞ்சு மேசைக்குப் போகவேணும்," என்றார் முதலாளி. "மேல சாராயத்தை ஊத்திக் கொளுத்தினால் சரி."

"சூட்டுச் சட்டியில சாராயத்த ஊத்துனா குப்புனு மேல வருமுங்க முதலாளி," என்றார் வீரம்மா. "குசினி சின்னது. ஒதுங்க எடமில்ல."

"உங்கட ஆக்கள் எல்லாத்தையும் தாங்குவியள். அதாலதானே உங்களை வச்சிருக்கிறன்."

தில்லைநாதன் இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்ட குடும்பத்துக்கு வன்னியில் இன்னும் இப்படியான பாராட்டுகள் கிடைத்துக்கொண்டிருந்தன. வீரம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சுமன் மெல்லத் தயாபரனிடம் வந்தான். "அண்ணை, நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா முதலாளி கேப்பார். குழுவின்ர பேரை மாத்துவம், கோழியை விடச் சொல்லுவம்."

தயாபரனுக்கு வாய்வரை வந்தது. ஆனால் பளையிலிருந்து வவுனியா வரைக்கும் அவர் மேடை கேட்டுப் பார்க்காத பார் இல்லை. ஆட்டம் போடுவதற்கு பைலாப் பாட்டுப் பாடுவீர்களா என்றுதான் எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள். இந்த மேடையும் போனால் அவர் சனிக்கிழமைகளிலும் கோப்புக்கு இலக்கமிடுபவராகவே இருக்க வேண்டும். அலுவலகத்தில் அவர் உள்ளே வந்தால் ஒருவரும் தலை நிமிர்த்துவதில்லை.

"கலை வேறை, குசினி வேறை தம்பி," என்றார். "நாங்கள் நிர்வாகத்தில தலையிடக் கூடாது."

சொல்லிவிட்டு, தலைவணங்க மாட்டோம் என்று தொடங்கும் பாட்டுக்குச் சுருதி சேர்த்தார்.

கோழி பெருவெற்றி பெற்றது. நீலமும் மஞ்சளுமாக எரிந்தபடி அது வெளியே வரும்போது எல்லோரும் கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள். தயாபரன் நிகழ்ச்சி நிரலைத் திருத்தி, மூன்றாம் பாட்டின் உச்சக்கட்டம் கோழியின் வருகையோடு பொருந்துமாறு அமைத்தார். முதலாளி லைட்டை அணைப்பார், தட்டு வரும், தயாபரன் வானத்தைப் பார்த்துக் கத்துவார். விடுதலை உணர்வை அதைவிடச் சூடாகப் பரிமாற முடியாது.

நான்காவது சனிக்கிழமை, மூன்றாம் பாட்டில், லைட் அணைந்தது. தட்டு வரவில்லை. குசினிப் பக்கம் ஒருகணம் வெளிச்சம் எழுந்து சுவரில் அடித்தது. தொடர்ந்து ஒரு பெண்ணின் அலறல்.

சுமன் ஓங்கிய ட்ரம்ஸ் தடி அந்தரத்தில் நின்றது. தில்லைநாதன் குசினிக் கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றார். மேடையைப் பார்த்து, சுட்டுவிரலை இரண்டு முறை மேலே உயர்த்திக் காட்டினார். தயாபரன் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து நிமிர்ந்தார். கிற்றார் முழங்கியது. மேசைகளில் கிளாஸ்கள் நடுங்கின.

சுமன் ட்ரம்ஸைத் தாண்டிப் பாய்ந்தான். முதலாளியைத் தோளில் பிடித்து விலக்கி உள்ளே போனவன், வாளித் தண்ணீரை ஊற்றி, சொட்டச் சொட்ட அம்மாவை அணைத்துக்கொண்டு பின்கதவால் வெளியேறி, வீதியில் நின்ற ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வீரம்மாவின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது.

ட்ரம்ஸ் இல்லாமலே தயாபரன் பாட்டை முடித்தார். நெருக்கடியில் கலைஞன் மேடையை விட்டு இறங்குவதில்லை.

"கோழி இன்னும் வரேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார்.

அன்றே முகநூலில் படம் போட்டு, 'அதிர்ந்தது கிளிநொச்சி' என்று எழுதினார் தயாபரன். எண்பத்தாறு பேர் விரும்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரியூட்டரியில் அவசரக் கூட்டம் கூடியது. 'மூன்றாம் பாட்டின் நடுவே முன்னறிவித்தலின்றிக் கடமையிடத்தை விட்டு அகன்றமை' தொடர்பாகச் சுமனைக் குழுவிலிருந்து நீக்கும் தீர்மானத்தைத் தயாபரன் வாசித்தார். சிவகரன் மேசையைப் பார்த்தபடி வழிமொழிந்தார்.

கூட்டம் கலைய முன்னமே சுமன் வந்துவிட்டான். பாரிலிருந்து கொண்டுவந்து அங்கே வைத்திருந்த தன் ட்ரம்ஸை எடுக்க வந்திருந்தான். நீக்கற் கடிதத்தை வாங்கி, மடித்துப் பொக்கற்றில் வைத்தான்.

"அம்மா எப்படி?" என்று சிவகரன் கேட்டார்.

"வார்டிலதான். விரல் மடிக்க ஏலாதாம். இனி வேலைக்கு வரவேண்டாமெண்டு முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார்."

"கவலைக்குரிய விசயம்," என்றார் தயாபரன்.

சுமன் பெரிய ட்ரம்மைத் தூக்கி வாசலில் வைத்தான். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வைத்தான். பிறகு திரும்பி வந்து தயாபரனுக்கு முன்னால் நின்றான்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். அம்மா கத்தினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

சிவகரன் அவசரமாகக் குறுக்கே வந்தார். "மேடையில நிண்டா ஒண்டும் கேக்காது தம்பி. அந்தச் சத்தத்துக்குள்ள ஆருக்கும் கேட்டிருக்காது."

தயாபரனின் முகம் கறுத்தது. அவர் எதையும் பொறுப்பார். காது கேளாதவர் என்ற பழியை மட்டும் ஒரு பாடகர் எப்படிப் பொறுப்பது?

"எனக்கு வடிவாக் கேட்டது," என்றார் அவர். "கொம்மா கத்தினது நாங்கள் பாடின சுருதியில இல்லை. அதாலதான் வொலியூமைக் கூட்டினனான்."