கழுவினாலும் போகாத கையெழுத்து

ஆயுத பூஜை அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் பேட் ஒண்ணை தேனி வீட்டிலிருந்து ஓடைப்பட்டித் திடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். ஸ்கூட்டர்ல ஒரு மணி நேரம். மத்தியானத்துக்குள்ள போனாப் போதும்.

இதுல கெட்டுப்போக என்ன இருக்குன்னு நெனச்சேன்.

பேட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஷார்ஜாவுல ஒரு ஏசி கம்பெனியில பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டிட்டு, போன வருஷம் ஊர் திரும்பினவன் நான். கொண்டுவந்தது மூணு. சர்க்கரை, முதுகுவலி, இந்த பேட். பெரிய ஆட்டக்காரர் ஒருத்தரோட கையெழுத்து. பேரைச் சொல்ல மாட்டேன், அந்த மனுஷன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

அங்க ஒரு மால்ல, கண்ணாடி பீரோவுக்குள்ள விளக்குப் போட்டு வச்சிருந்தாக. கூடவே ஹோலோகிராம் ஒட்டின சான்றிதழ். ஊருக்கு வந்ததும், "அவரை நேர்ல பாத்தியாப்பா?"ன்னு கேட்டாக. "பாத்தேன்"னு சொன்னேன். பொய் இல்ல. ஸ்டேடியத்துல கடைசி வரிசையிலிருந்து பாத்தேன். எந்த வரிசைன்னு யாரும் கேட்கல, நானும் சொல்லல.

ஓடைப்பட்டி டீமுக்கு கேப்டன் தவமணி. என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன், இப்போ திராட்சைத் தோட்டம். டீம்ல பாதிப் பேர் திராட்சை போட்டவுக, மீதிப் பேர் அதுக்கு மருந்து அடிக்கிறவுக.

ஆறாவதிலிருந்து பன்னெண்டாவது வரைக்கும் என்னை எந்த டீம்லயும் யாரும் சேர்த்ததில்ல. முள்ளுக்குள்ள போன பந்தை எடுத்துட்டு வர்ற இலாகா மட்டும் என்கிட்ட இருந்துச்சு. டீம்ல ஒருத்தனா ஆடணும்ங்கிற ஆசை நாற்பத்தெட்டு வயசுலயும் போகல. வெக்கத்தை விட்டுத் தவமணிகிட்ட கேட்டேன்.

அவன் தாடையைச் சொறிஞ்சான். "மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு அவுட்டுத் தகராறு. அதுலருந்து போடிக்காரங்க நம்மகூட ஆட வரமாட்டேங்கிறாக. ஒன் பேட்டைப் பரிசா வச்சா வாரோம்ங்கிறாக. நீ பேட்டைக் குடு. பதினோராவது ஆளா ஒன்னையப் போட்டுக்கிறேன்."

ஆக, பேட் இருந்தா எனக்கு டீம்ல இடம். பேட் இல்லன்னா பழையபடி முள்ளுக்காடு.

அன்னைக்குக் காலையில குளிச்சிட்டு வந்தேன். கூடத்துல பூஜை சாமான்களை வரிசையா வச்சிருந்தா வசந்தா, என் வீட்டுக்காரி. அருவாமனை, கத்திரிக்கோல், மிக்ஸி ஜாரு, ஸ்பானர், ஸ்கூட்டர் சாவி. நடுநாயகமா என் பேட். மூணு பட்டைத் திருநீறு, அதுல ஒரு குங்குமப் பொட்டு.

தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

"வசந்தா, இதைக் கழுவுனியா?"

"பின்ன? ஆயுதம்னா கழுவித்தான வைக்கணும்."

"எதைப் போட்டுக் கழுவுன?"

"பாத்திரம் வெளக்குற பவுடரைப் போட்டு, தேங்கா நாரை வச்சு நல்லா அழுத்தித் தேச்சேன். அம்புட்டு அழுக்கு. அந்த ஊர்ல தூசியே இல்லைன்னீக."

திருநீறை விரலால வழிச்சேன். அடியில கையெழுத்து இருந்துச்சு. முழுசா இருந்துச்சு. கடைசி எழுத்துல இழுத்துவிட்ட வாலு கூடப் போகல. பவுடர் வாசத்தோட அந்த பேட்டைக் கட்டிப் பிடிச்சு நின்னேன்.

அவ என்னையும் பார்த்தா, பேட்டையும் பார்த்தா.

"ஏங்க, காஸ் சிலிண்டர்ல மார்க்கரை வச்சுத் தேதி எழுதுனேன்ல. ஈரத்துணி பட்டதுக்கே அது போயிருச்சு. இது இந்தத் தேய் தேச்சும் போகலையே."

"அது நல்ல மை."

"ஓ. வெளிநாட்டு மையாக்கும்."

சொல்லிட்டுச் சுண்டல் தாளிக்கப் போயிட்டா. சண்டைக்கு வந்திருந்தா ரெண்டு மொழியில பதில் சொல்லியிருப்பேன். தாளிக்கப் போன ஆள்கிட்ட என்னத்தைச் சொல்ல?

பூஜை முடிஞ்சதும் பேட்டைத் துண்டுல சுத்திக்கிட்டு கிளம்பினேன். நேரா ஓடைப்பட்டிக்குப் போயிருக்கணும். மனசு கேட்கல. வண்டி பஜார் பக்கம் திரும்பிருச்சு.

பஜார்ல எல்லாக் கடையிலயும் மாலை, சந்தனம், பொரிகடலை. யாவாரம் எதுவும் நடக்கல. வழக்கம்போல தொறந்து உக்காந்திருந்தவர் ஜெபராஜ் அண்ணாச்சி ஒருத்தர்தான். சர்ச்சுக்குப் போற குடும்பம், அவுகளுக்கு இன்னைக்குப் பூஜை கிடையாது. ரப்பர் ஸ்டாம்பு செய்யிற கடை. கையெழுத்துப் போட்டுக் கை வலிக்கிற பெரிய மனுசங்களுக்கு எல்லாம் கையெழுத்தையே ஸ்டாம்பா செஞ்சு குடுக்கிறவர். கையால போடாத கையெழுத்தைப் பத்தி அவரை விட ஞானம் உள்ளவர் மாவட்டத்துல இல்ல.

பூதக்கண்ணாடியை வச்சுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கல.

"தம்பி, இந்த வாலைப் பாருங்க. என்ன தெரியுது?"

"கோடு."

"நல்லாப் பாருங்க."

பார்த்தேன். கோடு இல்ல. பொடிப்பொடியாப் புள்ளி. கோலத்துக்கு வச்ச மாதிரி வரிசையா.

"பேனாவை இழுத்தா கோடு விழும் தம்பி. மிஷின் அடிச்சாத்தான் புள்ளி விழும். அடிச்சு, மேல வார்னிஷும் பூசியிருக்கான். கழுவுனாப் போகாது. செதுக்குனாத்தான் போகும்."

நான் விடல. சான்றிதழை எடுத்து நீட்டினேன். "இந்தக் கையெழுத்து அசல்"னு இங்கிலீஷ்ல போட்டு, கீழ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். அண்ணாச்சி அதுக்கும் கண்ணாடியை வச்சார்.

"இதுவும் புள்ளிதான்."

நான் சான்றிதழை நாலா மடிச்சுப் பையில வச்சேன். அவருக்கே பாவமாப் போச்சு போல. "மனசை விட்டுறாதீக. வேணும்னா இதே கையெழுத்துல ஒரு ஸ்டாம்பு செஞ்சு தாரேன். வீட்ல இருக்கிற கட்டை, பலகை எல்லாத்துலயும் குத்திக்கலாம்."

ஆறுதல் சொல்றதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாணி.

சின்னமனூர் தாண்டுற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன். யோசிக்கிறது எனக்குச் சின்ன வயசுலருந்தே உள்ள வியாதி. ஒரு மனுஷன் தன் பேரைத் தானே எழுதினா அதுல என்ன இருக்கு? நாம தினம் கொரியர்காரன் போன்ல விரலால கிறுக்குறோம், அதை யாராவது பீரோவுல வைக்கிறாகளா? இந்தத் தத்துவம் மால்ல காசு குடுக்கிறதுக்கு முன்னால வந்திருக்கலாம்.

திடலுக்குப் போனதும் தவமணியைத் தனியாக் கூப்பிட்டேன். "மாப்ள, பேட்ல இருக்கிறது கையெழுத்து இல்ல. அச்சு."

அவன் சுத்திமுத்தும் பார்த்தான். "ஏலே, வாயை மூடு. அங்கன பாரு, போடியிலருந்து வேன் வந்திருச்சு. பதினஞ்சு பேர் எறங்குறாக. மெய்யா பொய்யாங்கிறதைச் சாயங்காலம் பேசிக்குவோம். பேட்டைக் கொண்டுபோயி மேசையில வச்சிட்டு, போயி டவுசரை மாத்து."

"இல்லடா, சொல்லிறலாம்..."

"சொல்லு. சொல்லிட்டு அப்பிடியே வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. பேட்டு இல்லாம ஒன்னைய எதுக்குலே டீம்ல வைக்கணும்?"

நியாயமான கேள்வி. போய் டவுசரை மாத்தினேன்.

அதுக்குள்ள மைக்கைப் பிடிச்ச ஆள் ஆரம்பிச்சுட்டார். "ஷார்ஜா மண்ணிலே அந்த மாபெரும் வீரரோடு தோளோடு தோள் நின்று, அவர் கையாலேயே கையொப்பம் பெற்று வந்த நம் மண்ணின் மைந்தர்..." கடைசி வரிசையிலிருந்து தோளோடு தோள் நிற்கணும்னா தோள் அரைக் கிலோமீட்டர் நீளம் இருக்கணும். நான் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டிருந்தேன். ரெண்டு தடவை அவுத்துக் கட்டினேன்.

போடி கேப்டன் பேரு சிவனாண்டி. ஏலக்காய் வியாபாரி. மலை ஏறி அந்தப் பக்கம் கேரளாவுல சரக்கு எடுக்கிறவர். காயைக் கையில அள்ளினா எது நேத்துப் பறிச்சது, எது போன மாசத்துதுன்னு சொல்லிருவாராம். அப்படிப்பட்ட ஆள் நேரா மேசைக்கு வந்து பேட்டைத் தூக்கினார். வெயில்ல சாய்ச்சுப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நாக்குல வச்சு, எச்சியைத் தொட்டு, கையெழுத்து மேல பரபரன்னு தேச்சார்.

நான் மூணாவது தடவையா லேஸை அவுத்தேன்.

அவர் விரலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "ஒரு சொட்டு மை ஒட்டல, பாத்துக்கங்க. அசல்னா இப்பிடித்தான் இருக்கணும்."

கூட்டம் கை தட்டுச்சு. எங்க வீட்டுல எந்தச் சாட்சி அந்தக் கையெழுத்துக்குத் தூக்குத் தண்டனை வாங்கிக் குடுத்துச்சோ, அதே சாட்சி இங்கன விடுதலை வாங்கிக் குடுத்துச்சு.

பத்து ஓவர் ஆட்டம். நான் பேட் பிடிக்கிறதுக்குள்ள எங்க ஓவர் முடிஞ்சு போச்சு. அது எங்க டீமோட நல்ல நேரம். ஃபீல்டிங்ல என்னைத் திடலோட ஓரத்துல, முள்ளுச்செடிக்குப் பக்கத்துல நிறுத்தினான் தவமணி. இடம் பழகின இடம்தான். ஆனா இந்தத் தடவை டீம் ஆளா நிக்கிறேன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்துச்சு.

கடைசிப் பந்து. போடிக்கு இன்னும் மூணு ரன் வேணும். அடிச்சவர் சிவனாண்டி. பந்து செங்குத்தா மேல போய், என் தலைக்கு நேரா வர ஆரம்பிச்சுச்சு.

பிடிச்சா நாங்க ஜெயிச்சோம். பேட் ஓடைப்பட்டியிலயே தங்கும். தவமணியோட மருந்து குடோன்ல ஆணியில தொங்கும், எவனும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டு வரமாட்டான். என் மானமும் அதே ஆணியில பத்திரமாத் தொங்கும். விட்டா பேட் போடிக்குப் போகும். அங்க இருக்கிறதெல்லாம் காயைப் பார்த்ததும் வயசு சொல்ற கண்ணு.

இம்புட்டையும் நான் யோசிச்சு முடிச்சேன். யோசிச்சு முடிக்கையில பந்து ரெண்டு கைக்கும் நடுவுல பூந்து, நெஞ்சுல ஒரு குத்து விட்டு, உருண்டு கோட்டைத் தாண்டிப் போயிருச்சு.

தவமணி திடலோட அந்தக் கடைசியிலிருந்து நடந்தே வந்தான். ஓடி வந்திருந்தாக்கூடப் பரவாயில்ல.

"பந்து மேல இருக்கையில என்னலே பண்ணிக்கிட்டிருந்த?"

"யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"நல்லது. அடுத்த வருசம் பரிசை மட்டும் யார்கிட்டயாவது குடுத்துவிடு. நீ வராத."

இடம் போச்சு. இனிமே காப்பாத்த எதுவும் இல்லைன்னு ஆனதும் மனசு லேசாயிருச்சு. யோக்கியனா இருக்கிறதுக்கு இதை விட நல்ல சமயம் வராது. பரிசை வாங்கிட்டு வேன் பக்கம் போன சிவனாண்டியை மறிச்சேன்.

"அண்ணே, ஒரு விசயம். அந்தக் கையெழுத்து பொய். மிஷின்ல அடிச்சது. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

அவர் பதறல. வேனுக்குப் பின்னால என்னைத் தள்ளிக்கிட்டுப் போய், போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார்.

அதே பேட். அதே கையெழுத்து. அதே சாய்வு, அதே வாலு.

"எங்க வீட்டுக்காரியோட தம்பி துபாயிலருந்து கொண்டாந்தான் சார். நான் ஊரெல்லாம் காட்டுனேன். சந்தையில எவனோ பொய்யின்னு சொல்லிப்பிட்டான். ஊரே சிரிச்சுப்போச்சு. அந்த வெக்கத்துல பய ஒரு வருசமா எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. அவ தெனமும் ஒரு மூச்சு அழுகுறா. அதுக்குத்தான் இந்த பேட்டு வேணும்னு நின்னேன்."

"பொய்யின்னு தெரிஞ்சுமா?"

"எச்சி தொட்டுத் தேச்சேன்ல, அப்பவே தெரியும். சத்தமாச் சொன்னாத்தான சார் எங்க பயலுக நம்புவாக."

"அண்ணே, ரெண்டும் பொய்யின்னா ரெண்டு மடங்குல்ல பொய்?"

என்னைப் பார்த்துச் சிரிச்சார். சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னார். "ஒருத்தன் வச்சிருந்தாத்தான் பொய்யிம்பாக. வேற ஊர்ல, வேற ஒரு படிச்ச மனுசனும் அதையே வச்சிருந்தாருன்னா, அதுக்கு இது சாட்சி, இதுக்கு அது சாட்சி. நீங்க ஒரே ஒரு லெட்டரு மட்டும் எழுதிக் குடுங்க. அவர் கையெழுத்துப் போடையில பக்கத்துல நின்னேன்னு."

"அதை மட்டும் எழுத மாட்டேன்ணே."

"சரி, ஒங்களுக்கு எது பொய்யில்லையோ அதை எழுதுங்க. அதுவே மதி, போதும்."

வேன் பானெட் மேல பேப்பரை வச்சு, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதினேன். "மேற்படி இரண்டு பேட்டுகளிலும் உள்ள கையெழுத்துகள் ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லாமல் ஒத்திருக்கின்றன என்பதை என் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி கூறுகிறேன்." என் வாழ்க்கையில இவ்வளவு சுத்தமான உண்மையை நான் எழுதினதே இல்ல.

அவர் வாய்விட்டுப் படிச்சார். முகம் மலர்ந்துபோச்சு. அங்கனயே மச்சினனுக்குப் போனைப் போட்டு, "ஏலே, மெய்தான்டா. சார் எழுதியே குடுத்துட்டாக. அக்கா ஒனக்குக் கோழி அடிக்கச் சொல்லியிருக்கா, கெளம்பி வா"ன்னார். அப்புறம் பேப்பரை என்கிட்டயே திருப்பி நீட்டினார்.

"கீழ ஒங்க கையெழுத்து இல்லையே சார்?"

போட்டேன். அன்னைக்கு அந்தத் திடல்ல கையால போட்ட கையெழுத்து அது ஒண்ணுதான்.