ராஜாவுக்கு ஒரு பாஸ்வேர்டு

நேற்று சாயந்திரம் ஒல்லியாக விட்டுவிட்டுப் போன ராஜா, காலையில் வந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே பருத்துப்போய் நின்றார்.

கிளெமென்ட் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். சந்தேகமே இல்லை. ராஜா மட்டுமில்லை, ராணி, பிஷப், குதிரை, சிப்பாய் என்று சதுரங்கக் காய்கள் அத்தனைக்கும் அடிப்பாகம் அகன்றிருந்தது.

"மாதாவே! எவனோ கை வெச்சிருக்கான்!"

கிளெமென்ட் காலமெல்லாம் நின்றபடி வரைபலகையில் பென்சிலால் படம் போட்டவர். இன்ஃபன்ட்ரி ரோட்டில் அந்தச் சின்ன டிசைன் கம்பெனி போன வருஷம் பலகைகளையெல்லாம் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டது. துபாய் வியாபாரி ஒருவர் பிளாஸ்டிக்கில் புது மாதிரி செஸ் காய்கள் கேட்டிருந்தார். "காய் ஓகே ஆச்சுன்னா கம்ப்யூட்டர் சீட் பர்மனென்டா உங்களுக்குத்தான் கிளெமென்ட். இல்லேன்னா..." என்று முதலாளி சீனிவாசராகவன் இழுத்து, பலகைகள் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். சீட் ஒன்றே ஒன்று. அதற்கு வரிசையில் நிற்கும் இன்னொருவன் ஹரிஷ், வேலூரிலிருந்து வந்த பையன், அடுத்த மேசை.

பிறகு யாரைச் சந்தேகப்படுவதாம்?

சந்தேகம் கிளெமென்டுக்குப் புதிதும் இல்லை. சிவாஜிநகரில் ஒரு கடையில் கறி வாங்கி, அடுத்த கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கிற மனிதர். "கெபி மாடத்துல வெக்கிற மாதா சொரூபத்தையே தட்டிப் பாத்து வாங்கினவரு இவரு" என்று அவர் மனைவி பிரிஜெட், அவர்கள் குடியிருக்கும் மர்பி டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"ஏம்ப்பா ஹரிஷ், என் மெஷினைத் தொட்டியா?"

ஹரிஷ் திடுக்கிட்டான். "உங்க மெஷினையா? இல்லண்ணா, தொடலையே."

"அப்போ ராஜா தன்னால குண்டாயிட்டாரா?"

"அண்ணா... அடி கொஞ்சம் அகலமா இருந்தாலும் நல்லாத்தானே இருக்கு?"

"செய்யறது ராஜாவா, ஆட்டுக்கல்லா?"

ஹரிஷ் தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். முழியே சரியில்லை என்று கிளெமென்ட் குறித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் காய் செய்வது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. காயின் பாதி உருவத்துக்கு ஒரு கோடு வளைத்து வரைந்து, நடு அச்சைச் சுற்றிச் சுழலவிட்டால் முழு ராஜா எழுந்து நிற்பார். மேலே பெரிய கிரீடம், கீழே வர வர மெலிந்து பூவின் காம்பு மாதிரி ஒரு அடி. இந்த அழகு உலகத்தில் எந்த செஸ் காய்க்கும் கிடையாது என்பது அவர் கணிப்பு. அதைப் போய் ஒருத்தன் கெடுப்பதா? எல்லாவற்றையும் பழையபடி மெலிய வைத்தார். அன்று சாயந்திரம் காய்களின் கோப்புக்கு 'சர்ச் பாட்டு' என்று பெயர் மாற்றிவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினார்.

காலையில் 'சர்ச் பாட்டை'த் திறந்தால் ராஜா மறுபடி குண்டு.

கிளெமென்டுக்கு ரத்தம் கொதித்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று இணைந்தவை, எந்த மேசையிலிருந்தும் எந்தக் கோப்பையும் திறக்கலாம் என்று அன்றைக்குத்தான் அவர் மண்டையில் ஏறியது. அப்படியானால் ஆபீசிலேயே வைக்கக் கூடாது. காய்களையெல்லாம் திரும்ப இளைக்க வைத்து ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இருந்ததைத் துடைத்துவிட்டு, ஃப்ளாப்பியை டிபன் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். டிபன் கேரியரில் மிச்சம் இருந்த ரசம் வழியிலேயே ஃப்ளாப்பியைக் குளிப்பாட்டிவிட்டது.

"ஏங்க, ரசத்துல என்னத்தைப் போட்டு ஊற வெச்சிருக்கீங்க?" என்றாள் பிரிஜெட்.

"என் பிழைப்பைடி!"

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாக் காயையும் முதலிலிருந்து வரைந்தார். துபாய்க்காரர் வரும் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. தொலைந்ததைக் காட்டிக்கொடுக்கிற அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, "தொலைஞ்சது ஒண்ணும் இல்ல சாமி, திருடனை மட்டும் காட்டு" என்று வேண்டிக்கொண்டார்.

அந்தோனியார் கைவிடவில்லை. அன்று சாயந்திரம் குடையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தவர் கண்ணாலேயே பார்த்தார். ஹரிஷின் திரையில் அவருடைய ராஜா. ஹரிஷின் கை மவுஸில். அடி மெல்ல மெல்ல அகன்றுகொண்டிருந்தது.

"சிக்கினியாடா!"

நேரே முதலாளி அறைக்கு இழுத்துப் போனார். சீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னப்பா ஹரிஷ், கிளெமென்ட் வேலையில நீ கை வெச்சியா?"

ஹரிஷ் கிளெமென்டை ஒரு தரம் பார்த்தான்.

"வெச்சேன் சார்."

"எதுக்கு?"

"சும்மாதான் சார்."

"சும்மாவாம்! கேளுங்க சார்!" என்று குதித்தார் கிளெமென்ட். "நான் பர்மனென்ட் ஆகக் கூடாது, அதான் எதுக்கு!"

சீனிவாசராகவனுக்குப் பஞ்சாயத்து பிடிக்காது. மறுநாளிலிருந்து ஹரிஷ் ஓசூர் கிடங்கில் சாமான் கணக்குப் பார்க்கப் போனான். போகும்போது, "வரேண்ணா" என்றான். கிளெமென்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காம்பு மாதிரி அடியை மறுபடி செதுக்கி முடித்து, ராஜாவுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டார். போட்டதை ஆபீஸ் முழுக்கச் சொன்னார், அது என்னவென்று பிரிஜெட்டிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ரிசப்ஷனில் இருக்கும் மௌரீன் வந்து நின்றாள்.

"அண்ணா, ஓசூர்லேருந்து ஹரிஷ் போன்ல..."

"பாஸ்வேர்டு கேக்கறானா?"

மௌரீனுக்கு வாய் பிளந்தது. "ஆமாண்ணா! எப்படித் தெரிஞ்சுது? எதுக்குன்னா..."

"பாத்தியா! அங்க போயும் புத்தி மாறல! அவன் பேரை இனிமே என் காதுல போடாதே தாயி!"

"அதில்லண்ணா, அவரு என்ன சொல்றாருன்னா..."

"போம்மா, போய் போனை வை!"

மௌரீன் முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள்.

கோப்பைப் பார்த்தே காய் கடைந்து தருகிற பட்டறை பீன்யாவில் இருந்தது. கிளெமென்ட் தானே போனார், தானே பாஸ்வேர்டு அடித்துத் திறந்தார், பட்டறைக்காரன் நகல் எடுத்துவிடுவானோ என்று கண் கொட்டாமல் பக்கத்திலேயே நின்றார். கடைந்த காய்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் படுக்க வைத்தார். "ஒரு தரம் நிறுத்திப் பாருங்க சார்" என்றான் பட்டறைக்காரன். பார்த்து இவனும் டிசைனைத் திருடவா? கிளெமென்ட் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. துபாய்க்காரர் நல்ல பருமன், வரும்போதே வியர்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடி மேசையில் செஸ் பலகையை விரித்து, கிளெமென்ட் காய்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

"ஆஹா!" என்றார் துபாய்க்காரர். "எவ்வளவு மெலிசு! என்ன அழகு!"

சீனிவாசராகவன் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்தது. கிளெமென்ட் அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியில் மனத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்.

"வியர்க்குதே உங்களுக்கு. மௌரீன், ஃபேனைப் போடும்மா" என்றார் முதலாளி.

காப்பித் தட்டோடு வந்த மௌரீன் சுவிட்சைத் தட்டினாள்.

மேலே விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. முதலில் ஒரு சிப்பாய் ஆடினான். அவன் பக்கத்துச் சிப்பாய் மேல் சாய, அவன் குதிரை மேல் சாய, குதிரை பிஷப்பை இடிக்க, பிஷப் தலைகுப்புற ராணியின் மேல் விழுந்தார். கடைசியாக ராஜா, கிரீடத்தின் கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சரிந்து, மேசையில் உருண்டு, துபாய்க்காரரின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தார். கம்ப்யூட்டருக்குள் இத்தனை நாளும் கம்பீரமாக நின்ற ராஜா! அங்கே காற்றும் இல்லை, கனமும் இல்லை என்று கிளெமென்டுக்கு யார் சொன்னார்கள்?

துபாய்க்காரர் குனிந்து ராஜாவை எடுத்து நிறுத்தினார். விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது.

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ராஜா தோத்துட்டாரே!" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

சீனிவாசராகவன் வரைபலகைகள் இருந்த காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சார்! இது அந்த ஹரிஷ் வேலை சார்!" கிளெமென்டுக்குக் குரல் கிழிந்தது. "ஓசூர் போறதுக்கு முன்னாடியே எதையோ பண்ணி வெச்சிட்டான்! இல்லேன்னா அவன் எதுக்கு சார் போன் போட்டு பாஸ்வேர்டு கேக்கணும்? எதுக்கு?"

மௌரீன் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"தினம் சாயந்திரம் அவர்தான் உங்க ராஜா விழாம இருக்க அடியை அகலப்படுத்தி வெப்பாராம்ணா. சொன்னா உங்க மனசு ஒடிஞ்சிடும்னு சொல்லாமலே செஞ்சாராம், இப்ப பாஸ்வேர்டு தெரியாம யாரு நிக்க வெப்பாங்கன்னுதான் போன்ல அப்படி அழுதாரு."