அமைதி நேரத்துச் சுக்கினி

எவால்ட் கிராபோஷ் தம் தோட்டத்தில் வெள்ளரி மாதிரி நீளமாகக் காய்க்கிற சுக்கினிச் செடி ஒன்றே ஒன்று வைத்திருந்தார். அந்த ஒரு செடி ஒரே கோடையில் ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு காய் காய்த்தது. அவற்றில் பாதி, செடியைப் பிடுங்கி எறிந்த பிறகு காய்த்தவை.

இதைச் சொல்வது அவரேதான். முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டியதில் ஒரு தடவைகூடத் தாமதமாகப் போனதில்லை என்று சொல்கிற மனிதரும் அவரேதான். ஆகவே கேட்பவர்கள் வழக்கமாகத் தலையை ஆட்டிவிட்டு, குடித்துக்கொண்டிருந்த பீரைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டு கிளம்புவார்கள்.

விவகாரம் மார்ச் மாதம் ஒரு அளவுநாடாவில் ஆரம்பித்தது.

மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் மேட்டடியில் 'புது நம்பிக்கை' தோட்டச் சங்கத்துக்கு, உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடும் எண்பது தோட்ட மனைகள் உண்டு. மனைக்கு ஒரு மரக்குடில், இடுப்பளவு வேலி, சாயம் போன குள்ளன் பொம்மைகள். சங்கத்தின் விதிப் புத்தகம் நாற்பத்தாறு பக்கம். அதில் இரண்டு விதிகளை மட்டும் யாரும் மீற முடியாது. ஒன்று, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அமைதி நேரம். அப்போது புல்வெட்டி ஓடக்கூடாது, சுத்தியல் தட்டக்கூடாது, தும்மல் வந்தால் கைக்குட்டைக்குள் தும்ம வேண்டும். இன்னொன்று, மனையில் மூன்றில் ஒரு பங்கு காய்கறியாக இருக்க வேண்டும்.

எவால்டின் மனையில் இருந்தவை: பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி ஒரு புல்தரை, ஓர் ஊஞ்சல், ஏழு குள்ளன்கள், ஒரு தொட்டி நிறையப் பார்ஸ்லிக் கீரை.

சங்கத் தலைவி ரோஸ்வித்தா குங்கெல் மூன்று தடவை அளந்து பார்த்தார். அளவுநாடா இல்லாமல் அவர் தேவாலயத்துக்குக்கூடப் போவதில்லை என்று பேச்சு.

"முன்னூறு சதுர மீட்டர்ல நூறு மீட்டர் காய்கறி இருக்கணும், கிராபோஷ். உங்ககிட்ட ஒரு தொட்டி இருக்கு."

"அந்த மூணாவது குள்ளன் கையில ஒரு கேரட் இருக்கு, தலைவரம்மா. அதையும் சேர்த்துக்குங்க."

தலைவி சிரிக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். செப்டம்பர் பரிசோதனையிலும் இதே கதி என்றால், மனை கைமாறி, காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும்.

எவால்டின் மனைவி ஹெட்விக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கொலோன் நகரத்தில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவது இந்த மனைக்குத்தான். மூன்றாவது மாடியில் இருக்கும் இரண்டறை வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் கிறிஸ்துமசுக்கு, அதுவும் கோட்டைக் கழற்றாமல் வந்துவிட்டுப் போவாள்.

"மனை போனா பேரப்புள்ளைங்க வராது. நீ மட்டும் நாள் பூரா வீட்டுல இருப்ப," என்றாள் ஹெட்விக். "இதுல எது பெரிய கஷ்டம்னு எனக்கே தெரியல, எவால்ட்."

மறுநாளே எவால்ட் புல்தரையை வெட்டிப் புரட்டினார். ஏப்ரல் முடிவதற்குள் அறுபது நாற்றுகளை நட்டுவிட்டார். தக்காளி, அவரை, வெள்ளரி, மூலையில் கடைசியாக ஒரே ஒரு சுக்கினி.

பக்கத்து மனை லோதார் வேலிமேல் சாய்ந்து நின்று பார்த்தார். மே நடுவில் கடைசி உறைபனியைக் கொண்டுவருகிற பனிப் புனிதர்களின் நாட்கள் போகட்டும், மே பதினைந்து தாண்டாமல் இந்த ஊரில் யாரும் நாற்றை வெளியே வைக்கமாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னார். எவால்டுக்கும் அது தெரியும். ஐந்து வயதிலிருந்தே தெரியும். ஆனால் கையில் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. புனிதர்கள் தம்முடைய கால அட்டவணைப்படி வரட்டும், தாம் தம்முடைய அட்டவணைப்படி நடுவதாகப் பதில் சொன்னார்.

புனிதர்கள் நிமிஷம் பிசகாமல் வந்தார்கள். மே பன்னிரண்டாம் தேதி காலையில் தோட்டம் முழுக்க வெள்ளை. ஐம்பத்தொன்பது நாற்று கறுத்துச் சுருண்டு கிடந்தது. ஊஞ்சலுக்கு அடியில் ஒதுங்கியிருந்த சுக்கினி மட்டும் பிழைத்தது.

நஷ்டத்தை ஈடுகட்ட, புல்லுக்கு வாங்கி வைத்திருந்த உரத்தை மூன்று மடங்காகக் கொட்டி, அதன்மேல் பட்டாணி விதைத்தார். பட்டாணி மண்ணுக்குள்ளேயே வெந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த மண்ணில் களைகூட முளைக்கவில்லை. மண்புழுக்கள் மூட்டை முடிச்சுடன் லோதாரின் மனைக்குக் குடிபெயர்ந்ததைத் தம் கண்ணால் பார்த்ததாக எவால்ட் இன்றைக்கும் சொல்வார்.

அந்த மாதக் கடைசியில் ஒன்பதாம் எண் மனை காலியாகி, பட்டியலில் முதலில் இருந்தவர் உள்ளே வந்துவிட்டார். அடுத்த பெயர் முதலிடத்துக்கு ஏறியது. இனிக் காலியாகப் போவது எவால்டின் மனைதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைவி குங்கெல் மென்மையான செருப்புப் போட்டுக்கொண்டு, அமைதி நேரத்தில் யாராவது சத்தம் போடுகிறார்களா என்று முன்னைவிட அடிக்கடி சைக்கிளில் சுற்றிவந்தார். எவால்டின் வேலியருகே வரும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

ஜூன் முடிவில் சுக்கினி இரண்டு காய் காய்த்தது. பேரப்பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்து, பொரித்துச் சாப்பிட்டார்கள்.

ஜூலை முதல் வாரம் ஒரு மதியம் எவால்ட் ஊஞ்சலில் தூங்கி எழுந்தார். மணி மூன்று. பாத்தியில் பதினொரு காய்.

மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பதினான்கு. காலையில் ஒன்றும் இருக்காது. அமைதி நேரம் முடிந்து கண்ணைத் திறந்தால் பளபளவென்று கிடக்கும். இந்தச் செடி தூக்கத்தில் காய்க்கிற ஜாதி, அதாவது தம்முடைய தூக்கத்தில், என்று எவால்ட் முடிவுக்கு வந்தார். அதற்கு வசதியாக இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துத் தூங்கினார்.

ஹெட்விக் சூப் வைத்தாள். கேக் சுட்டாள். ஊறுகாய் போட்டாள், ஜாம் காய்ச்சினாள். ஆகஸ்டு வாக்கில் வீட்டில் பல் துலக்கும் பசையிலும் சுக்கினி வாசனை வந்தது. இனி ஒரு காய் வீட்டு வாசலைத் தாண்டினால், தான் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாக அறிவித்தாள்.

எனவே எவால்ட் தானம் செய்ய ஆரம்பித்தார். பாத்தியை ஒவ்வொரு மாலையும் காலி செய்து, தள்ளுவண்டியில் வைத்து வீதிவீதியாகக் கொடுத்தார். தோட்டக்காரர் தரும் காயை மறுப்பது அங்கே மரியாதையில்லை, ஆகவே வாங்கிக்கொண்டார்கள். பிறகு தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் குடிலுக்குள் புகுந்து திரையை இழுத்துவிட்டார்கள். ஊரில் குற்றம் குறைந்து நாற்பது வருஷமாகிறது. அந்த மாதம் முதல்முறையாக எல்லோரும் காரைப் பூட்டினார்கள், எவால்ட் பின்சீட்டில் காயை வைத்துவிட்டுப் போய்விடுவாரே என்று.

"போன வாரம் நீ குடுத்ததே இன்னும் மேஜைமேல ஒக்காந்து என்னை முறைச்சுப் பாக்குது," என்றார் லோதார்.

விசித்திரம் என்னவென்றால், எவால்ட் எவ்வளவு கொடுத்தாரோ அவ்வளவும் மறுநாள் மூன்று மணிக்குத் திரும்ப விளைந்திருந்தது. இருபது கொடுத்தால் இருபது. தண்ணீரை நிறுத்தினார், இருபத்திரண்டு. செடியை அதட்டிப் பார்த்தார்; இருபத்தைந்து. ஒரு நாள் மதியம் எப்படித்தான் காய்க்கிறது பார்ப்போம் என்று புதர் மறைவில் காவலுக்கு உட்கார்ந்தார். எட்டாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டார். விழித்தபோது அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்திலேயே ஆறு காய்கள், ஒரே நீளத்தில், வரிசையாக.

ஆகஸ்டு நடுவில் அவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு செடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டார். மறுநாள் மூன்று மணிக்குப் பாத்தியில் முப்பது.

ஹெட்விக் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தாள். அதில் சின்னதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"எவால்ட், இதுல ஸ்பெயின்னு போட்டிருக்கு."

எவால்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்ப இது ஸ்பெயின் ரகம்," என்றார். "அதான் மதியத்துல தூங்குற பழக்கம்."

ஹெட்விக்குக்கு லோதார்மேல் சந்தேகம். லோதாருக்கு ஹெட்விக்மேல் சந்தேகம். சங்கத்தில் மற்ற எல்லோரும், தங்கள் மேஜையிலேயே சாட்சி கிடந்ததால், வேறு வழியில்லாமல் எவால்டை நம்ப ஆரம்பித்தார்கள். தலைவி குங்கெல் ஒருவர் மட்டும் நம்பவில்லை. ஒரு செடி முப்பது காய் காய்த்தாலே பெரிது, மிச்சமெல்லாம் கிராபோஷ் அளக்கிற கதை என்று எங்கே பேச்செடுத்தாலும் அழுத்தமாகச் சொன்னார்.

செப்டம்பரில் மாவட்டச் சங்கத்துப் பரிசோதகர் வந்தார். அன்றைக்குப் பாத்தியில் மட்டுமல்ல, உரம் கொட்டி வெந்த நிலம் முழுக்கச் சுக்கினி பரவிக் கிடந்தது. அளந்தார். நூறு சதுர மீட்டர், ஒரு கை அதிகமாகவே. செடி எங்கே என்று கேட்டார். இந்த ரகத்துக்குச் செடி அவசியமில்லை என்று எவால்ட் விளக்கினார். பரிசோதகர் தலைவியைப் பார்த்தார். தலைவி வானத்தைப் பார்த்தார். விதியில் காய்கறி இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது, செடி இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பரிசோதகர் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனை தப்பியது. அந்த ஞாயிறு பேரப்பிள்ளைகள் ஊஞ்சலை உடைத்தார்கள். எவால்ட் அதைப் பதக்கம் மாதிரி எல்லோருக்கும் காட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நவம்பரில் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம். உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் முடிந்ததும் எவால்ட் எழுந்து ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு காயின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொன்னார். தலைவி குங்கெல் மேடையிலிருந்தே, இது நடக்கவில்லை, நடக்கவும் முடியாது என்று குறுக்கிட்டார். கூட்டம் எவால்ட் பக்கம் நின்று மேஜையைத் தட்டியது.

அந்தத் தட்டலில் எவால்டின் நெஞ்சு விரிந்துவிட்டது. இப்படிப்பட்ட மண்ணைத் தாம் ஒருவரே வைத்துக்கொள்வது நியாயமில்லை என்றார். செடியே இல்லாமல் இவ்வளவு விளைகிற பூமியில் பாதி போதும் தமக்கு.

"மீதிப் பாதிய இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன்," என்றார். "பட்டியல்ல மொதல்ல யாரு நிக்கிறாங்களோ, அவங்க நாளைக்கே வரட்டும்."

ஹெட்விக்கின் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. கூட்டம் கைதட்டியது. லோதார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் பட்டியலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

தலைவி குங்கெல் எழுந்து, செயலாளரின் கையைப் பிடித்து நிறுத்தினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நடந்தது நெசந்தான், ஆயிரத்து முன்னூத்திப் பன்னிரண்டு, ஒண்ணுகூடக் குறையல, அதுல ரெண்டு அவரு செடியில காய்ச்சது, மிச்சம் ஆயிரத்து முன்னூத்திப் பத்தும் இவரு குடுக்கக் குடுக்க நான் சந்தையில வாங்கி வச்சது, ஏன்னா அந்தப் பட்டியல்ல மொதப் பேரு என் மாமியாரு."